திட்டமிட்ட நிறுத்தத் திறப்பு விழா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: வரும் வெள்ளிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு, கிழக்கு ஏரிக்கரை மண்டலத் தேர்வுப் பதிவு அலுவலகத்தின் கோப்பு அனுப்பும் சர்வர், அலுவலக வரலாற்றில் முதன்முறையாகத் திட்டமிட்டு நிறுத்தப்படும். நிறுத்தி வைப்பவர், அக்ரா தலைமையகத்திலிருந்து வருகை தரும் இஞ்சினியர் டாக்டர் ஈபோ குவான்ஸா அவர்கள். பெரியோர்களும் தாய்மார்களும் தலைமையாசிரியர்களும் திரளாக வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.

ஹோ நகர வானொலியில் இது மூன்று நாள் ஒலித்தது. சவ அடக்க அறிவிப்புகளுக்கும் கோழித்தீவன விளம்பரத்துக்கும் நடுவே, அதே குரலில், அதே சோகத்தோடு.

'முதன்முறையாக' என்ற சொல்லில் மட்டும் பொய் இல்லை. ஜிஃபா அமெகாஷி அந்த சர்வருக்குப் பொறுப்பேற்ற ஆறு வருஷத்தில் அது முந்நூற்றுச் சொச்சம் தடவை நின்றிருக்கிறது. டும்சோர் என்று ஊரார் சொல்லும் மின்வெட்டில் நின்றது பாதி. பல்லி உள்ளே போய் நின்றது இரண்டு. துப்புரவுக்கு வந்த அம்மாள் தரை துடைக்கும் மெஷினுக்கு இடம் வேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கியதில் நின்றது மாதம் இருமுறை. முன்கூட்டி முடிவு செய்து, எல்லோருக்கும் சொல்லி, ஒழுங்காக நிறுத்தியதாக மட்டும் சரித்திரம் கிடையாது.

அலுவலகத்தில் அந்த சர்வருக்கு போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். மண்டலத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளும் பள்ளியிறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளின் பதிவுக் கோப்பை அதற்குத்தான் அனுப்ப வேண்டும். அது எல்லாவற்றையும் கட்டி அக்ராவுக்கு அனுப்பும். வேறு எங்கிருந்து எதை அனுப்பினாலும் அக்ரா வாங்காது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அக்ரா கதவைச் சாத்திவிடும். அதற்குள் பெயர் போய்ச் சேராத பிள்ளை அடுத்த வருஷம்தான் எழுதும்.

அந்த போஸ்ட்மாஸ்டரின் வயிற்றில் இருந்த டிஸ்க் ஒன்று இரண்டு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. ஜிஃபா நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதினாள். புது டிஸ்க் அக்ராவிலிருந்து வருகிறது, வெள்ளிக்கிழமை கோப்புகள் போனதும் பதினொரு மணிக்கு இரண்டு மணி நேரம் திட்டமிட்ட நிறுத்தம் தேவை, அனுமதி தரவும். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

டைரக்டர் கரேஜ் ஃபியாவூ அந்தக் குறிப்பை மூன்று முறை படித்தார். 'திட்டமிட்ட' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார். பிறகு குழு அமைத்தார்.

குழு நாலு முறை கூடியது. ஷாமியானா, இருநூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலி, விழாவுக்கென்றே அச்சடித்த துணி, நூற்றைம்பது தொப்பி, பித்தளை வாத்தியக் குழு என்று ஒவ்வொன்றாக முடிவானது. டிஸ்க்கைப் பற்றிக் குழுவில் யாரும் பேசவில்லை. நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டு இனங்கள்: ஆரம்ப ஜெபம் முதலாவது, ஜிஃபாவின் நன்றியுரை பதினொன்றாவது, சிவப்பு சுவிட்சை அழுத்துவது பன்னிரண்டாவது. பதிமூன்றாவது இனத்தை எந்த நிரலிலும் அச்சடிப்பதில்லை. அது இறைச்சி அடைத்த மீட் பை பலகாரமும் மால்ட் பானமும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டம் வருவதே அதற்குத்தான்.

அழைப்பிதழைக் கையில் வாங்கிய அன்றுதான் ஜிஃபாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. அதில் 'சரியாக 9.00 மணி' என்று இருந்தது. நேராக டைரக்டர் அறைக்குப் போனாள். விழாப் பொறுப்பாளன் பிராஸ்பரும் அங்கே இருந்தான்.

"சார், நிறுத்தம் பதினொன்னுக்குன்னு எழுதிக் குடுத்தேன். கார்டுல ஒம்போதுன்னு இருக்கே."

"டாவி, பதினொன்னுக்கு ஆள் வரணும்னா ஒம்போதுன்னுதானே போடணும்?" என்றான் பிராஸ்பர். அக்கா என்பதைத்தான் அங்கே டாவி என்பார்கள்; ஆனால் சொன்னது குழந்தைக்குச் சொல்வது போல. "பதினொன்னுன்னு போட்டா ஒரு மணிக்கு வருவாங்க. உங்க கல்யாணக் கார்டுல என்ன போட்டிருந்தீங்க?"

"என் கல்யாணத்தைப் பத்தி இப்போ யாரு கேட்டா. மனுஷங்களுக்கு என்ன வேணா போடுங்க. மெஷினுக்கு நான் பதினொன்னுன்னுதான் வெச்சிருக்கேன்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பவருக்குப் பார்வை மங்கும். "மேடம் ஜிஃபா. டாக்டர் குவான்ஸா லாக் புத்தகத்தைப் பார்ப்பாரு. கார்டுல ஒரு நேரம், மெஷின்ல ஒரு நேரம் இருந்தா அதுக்குப் பேரு திட்டமா? ரெண்டும் ஒத்துப் போகணும். ஒம்போதுன்னு மாத்துங்க."

"சார், கார்டுல இருக்கிற ஒம்போது பதினொன்னுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அந்த மெஷினுக்குத் தெரியாது. அது ஒம்போதுன்னா ஒம்போதுக்கே நின்னுடும்."

"நிக்கட்டுமே. அன்னிக்கு எல்லாரும் நேரத்துக்கு வரப்போறோம். இது புது யுகம்."

அந்தப் புது யுகத்தை அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றே துவக்கி வைத்தார். அவள் நேர அட்டவணையைத் திறந்து நிறுத்தத்தை ஒன்பது மணிக்கு மாற்றிச் சேமிக்கும்வரை நகரவில்லை. அவர் போனதும் மற்ற வேலைகளையும் முன்னுக்கு இழுத்தாள். கோப்புகள் எட்டு மணிக்குள் வர வேண்டும், எட்டேகாலுக்குக் கட்டி அக்ராவுக்கு அனுப்பும். தாமதமாக ஏதாவது வந்தால் காத்திராமல் அதை உடனே தனியாக அனுப்பச் சொல்லி இன்னொரு கட்டளையும் போட்டாள். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு தலைமையாசிரியர்களுக்கும் ஒவ்வொருவராக போன் செய்து, "எட்டுன்னா எட்டு, பத்து இல்லை" என்று சொன்னாள். ஆட்ஸிகோ தீவுப் பள்ளியில் மட்டும் சிக்னல் கிடைக்கவில்லை. அவருக்குக் குறுஞ்செய்தி போட்டாள். போகிற போக்கில் பாஸ்டர் செனாயாவையும் பிடித்து, ஜெபத்தை இரண்டு நிமிஷத்துக்குள் முடிக்கச் சொன்னாள். போன விழாவில் அவர் ஆதியாகமத்தில் தொடங்கி மத்தேயுவுக்கு வருவதற்குள் சோறு ஆறிப் போனது. பாஸ்டர் புண்பட்ட முகத்தோடு சரி என்றார். மேடையில் எல்லோரும் சுருக்கமாகப் பேச வேண்டும் என்று ஒரு சர்க்குலரும் விட்டாள்.

வியாழக்கிழமை பஸ் பார்சலில் அக்ராவிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. ஜிஃபா கத்தியோடு போனாள். டைரக்டர் பெட்டியின் மேல் கை வைத்தார்.

"இதை டாக்டர் குவான்ஸாதான் பிரிப்பாரு. கத்தரிக்கோலுக்கு ரிப்பன் கட்டியாச்சு."

"சார், சரியான அளவுதானான்னு ஒரு தடவை பார்த்துக்கறேன்."

"மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி பொண்ணு முக்காட்டை விலக்கிப் பார்ப்பாங்களா?"

பெட்டி மேடைக்குப் போய், கென்டே துணி விரித்த மேஜையில் அமர்ந்தது. தொப்பிகள் இன்னும் வரவில்லை என்று பிராஸ்பர் அன்று முழுக்க யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு இருநூற்றுப் பதினொரு பள்ளிகளின் கோப்புகள் வந்திருந்தன. ஜிஃபா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினாள். தவறியது ஆட்ஸிகோ மட்டும்தான். எட்டேகாலுக்கு எல்லாம் அக்ராவுக்குப் போய், பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்தது.

ஒன்பது மணிக்கு ஷாமியானாவின் கீழே நாற்காலி அடுக்குகிற இரண்டு பேரும் ஒரு ஆடும் இருந்தார்கள். மேடைக்கு அருகில் ஜெனரேட்டர் பொறுப்பாளர் எஃபோ கோர்க்கு, பீடித்துண்டு மாதிரி ஒரு பல்குச்சியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். சரியாக ஒன்பதுக்கு சர்வர் அறையில் விசிறிகள் இறங்கின. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மண்டலத்திலேயே அழைப்பிதழை நம்பி நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர்தான்.

ஒன்பது பத்துக்கு போன் அடித்தது. ஆட்ஸிகோ தலைமையாசிரியர் அக்போலி. பின்னால் காற்று இரைந்தது.

"மேடம், குன்று மேல நிக்கிறேன். கோப்பு போக மாட்டேங்குதே?"

"மாஸ்டர், எட்டு மணிக்குள்ளன்னு செய்தி போட்டேனே."

"பார்த்தேன் மேடம். எட்டுன்னா பத்துதானே. அதான் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டேன்."

ஜிஃபாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. அந்த மனிதர் தன் கணக்குப்படி முன்னதாகவே வந்திருந்தார். விடியலில் படகு ஏறி, அக்கரையில் இறங்கி, சிக்னல் கிடைக்கிற ஒரே குன்றின் மேல் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"முப்பத்தெட்டு. போன வருஷம் பன்னெண்டுதான். மீன் வலையிலேர்ந்து ஒவ்வொண்ணாப் பிடுங்கிக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்கேன் மேடம். இந்த வருஷம் எழுதலேன்னா அடுத்த வருஷம் ஒண்ணு கூடத் திரும்பி வராது. எல்லாம் வலைக்கே போயிடும்."

"அங்கேயே நில்லுங்க. எறங்காதீங்க."

லாக்கில் பதிவான நிறுத்தத்தை டைரக்டர் சொல்லாமல் கலைக்க முடியாது, அவரோ போனை எடுக்கவில்லை. ஒன்பது ஐம்பதுக்குத்தான் வந்தார். புது யுகத்துக்கு ஐம்பது நிமிஷம் தாமதம். நிகழ்ச்சித் துணியில் தைத்த சட்டை, அதே துணியில் கைக்குட்டை. சர்வர் அறையின் மௌனத்தைக் கேட்டதும் முகம் வெளிறியது.

"ஏன் நின்னிருக்கு?"

"மணி ஒம்போதாச்சு சார்."

"டாக்டர் குவான்ஸா வராம யாரைக் கேட்டு நின்னுச்சு?"

"கார்டைக் கேட்டு."

"போடுங்க மேடம். உடனே போடுங்க. ஓடிக்கிட்டிருந்தாத்தானே நிறுத்த முடியும்."

அவர் அகந்தையை அன்றைக்குத்தான் ஜிஃபா முதன்முதலாக ஆசீர்வதித்தாள். ஓடிப்போய் போஸ்ட்மாஸ்டரை எழுப்பினாள். ஆனால் முனகுகிற டிஸ்க் எழுந்ததும் வேலைக்கு வருமா? தன் வியாதியை எல்லாம் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டுதான் வரும். அது கண் விழிக்கும்போது மணி பத்து ஐம்பது. "இப்போ அனுப்புங்க மாஸ்டர்" என்றாள். முப்பத்தெட்டு பிள்ளைகளும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போட்டோவும், குன்றின் மேலிருந்து காற்றில் ஊர்ந்து வரத் தொடங்கின. நூற்றுக்கு ஒன்று. நூற்றுக்கு இரண்டு.

விருந்தாளி எப்படியும் வழியில் அட்டிம்போக்கு பாலத்தில் இறங்கி அபோலோ என்கிற சோள அப்பமும் பொரித்த மீனும் வாங்கி, சாப்பிட்டு, கை கழுவி, ஒரு மணிக்கு முன்னால் வரமாட்டார். பெரிய மனிதர்கள் யாரும் வந்ததில்லை. அந்தக் கணக்கில்தான் ஜிஃபா மூச்சு விட்டாள்.

பதினொன்று அடிக்கும்போது சைரன் கேட்டது. டாக்டர் குவான்ஸாவுக்கு மதியம் கேட்டா என்ற ஊரில் ஒரு சவ அடக்கம். பாலத்தில் கூட நிற்காமல் வந்துவிட்டார்.

ஜிஃபா டைரக்டரின் சட்டைக் கையைப் பிடித்தாள். "சார், இன்னும் ஒரு பள்ளிக்கூடம் வந்துக்கிட்டிருக்கு. முப்பத்தெட்டு பிள்ளைங்க. முக்கால் மணி நேரம் பொறுத்தா போதும்."

"முப்பத்தெட்டு பேருக்காக அக்ராவைக் காக்க வைக்கறதா? நிறுத்தினப்புறம் அனுப்பிக்கோங்க."

"நிறுத்தினப்புறம் எப்படி சார் அனுப்பறது?"

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், உங்க டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு அவர் மாலையோடு காரை நோக்கி ஓடினார்.

அவள் கோர்க்குவிடம் ஓடினாள். "எஃபோ, அந்த சிவப்பு சுவிட்ச்சோட வயரைக் கழட்டிடுங்க. புண்ணியமாப் போகும்."

"நல்லா சொன்னே டாவி. நாடகமெல்லாம் வேண்டாம், நெஜமாவே நிக்கணும்னு டைரக்டர் என்னை உக்காத்தி வெச்சு வயர் இழுக்க வெச்சாரு. இழுத்து முடிச்சதும் வயர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு." பல்குச்சியை மறுபக்கம் மாற்றினார். "கவலைப்படாதே. நம்ம ஆளுங்க பேச ஆரம்பிச்சா சாயங்காலம் ஆகும்."

அந்த நம்பிக்கையிலும் மண் விழுந்தது. பாஸ்டர் செனாயா ஒலிபெருக்கியைப் பிடித்தார், ஜிஃபாவை ஒரு பார்வை பார்த்தார். "ஆண்டவரே, இந்த நிறுத்தத்தை ஆசீர்வதியும். சுருக்கமாகச் சொல்லும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆமென்." இருபது வருஷ ஊழியத்தில் அவர் நேரத்துக்கு முடித்த ஒரே ஜெபம் அது. அடுத்து விழாத் தலைவர் நியாகோ. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. தன் பள்ளிப் பருவத்திலிருந்து தொடங்கி நிகழ்காலத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர். இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. எழுந்து நின்றார், கையை விரித்துக் காட்டினார், உட்கார்ந்தார். டைரக்டர் தன் இருபது பக்க உரையைக் கையில் எடுத்தார். விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் 'பிரதி விநியோகிக்கப்படும்' என்று சொல்லி அதையும் மடித்துவிட்டார். வாத்தியக் குழு ஒரே ஒரு பாட்டை வாசித்தது, அதையும் பாதியில் விட்டது.

வாழ்நாள் முழுக்க எந்த வாயை அடைக்கப் பாடுபட்டாளோ, அந்த வாயெல்லாம் அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது.

மணி பதினொன்று பன்னிரண்டு. கைபேசியில் நூற்றுக்குப் பத்தொன்பது.

"அடுத்து நன்றியுரை, மேடம் ஜிஃபா அமெகாஷி. ஒரே நிமிஷம்" என்றான் பிராஸ்பர்.

அவள் மேடை ஏறினாள். கைபேசியை எதிரில் சாய்த்து வைத்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

"அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே," என்று தொடங்கினாள். அந்தச் சொற்கள் தன் வாயில் எவ்வளவு சௌகரியமாக உட்காருகின்றன என்று அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. "நிறுத்தம் என்றால் என்ன? ஓட்டம் என்பது இருந்தால்தான் நிறுத்தம் என்பது உண்டு."

யாரோ கைதட்டினார்கள். டைரக்டர் முன்வரிசையில் தலையை ஆட்டினார்.

அவள் ஷாமியானாக்காரருக்கு நன்றி சொன்னாள். நாற்காலிக்காரருக்குச் சொன்னாள். மின்சாரம் தந்தவர்களுக்கும், பல சமயம் தராமல் பொறுமையைக் கற்றுத் தந்ததற்காக அவர்களுக்கே இன்னொரு முறையும் சொன்னாள். நூற்றுக்கு இருபத்தாறு. விருந்தாளி கைக்கடிகாரத்தைத் தட்டினார். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போதுதான் ஜிஃபா பையிலிருந்து பட்டியலை எடுத்தாள்.

"இந்த நாளை நமக்குத் தந்த இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளுக்கும் தனித்தனியே நன்றி சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள் ஆவேன். அபுட்டியா பள்ளி."

அபுட்டியா தலைமையாசிரியை எழுந்தார், இடுப்புத் துணியைச் சரி செய்தார், நாலு பக்கமும் வணங்கினார். கைதட்டல். இனி அவளை யாராலும் நிறுத்த முடியாது. பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து வணங்கியே தீர வேண்டும், கூட்டம் தட்டியே தீர வேண்டும். இடையில் நிறுத்தினால் இன்னும் பெயர் வராத அத்தனை பேருக்கும் அவமானம். அதை அக்ராவால் கூடத் தாங்க முடியாது. விருந்தாளி எழ முயன்றபோது பிராஸ்பரே அவர் காதில் அதைச் சொன்னான். அவர் திரும்ப உட்கார்ந்தார்.

நாற்பதாவது பள்ளிக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. எழுபதாவது பள்ளிக்கு ஐம்பத்தெட்டு. நூறாவது பள்ளியில் கோப்பு அறுபத்தாறிலேயே நின்றுகொண்டது. ஜிஃபா அந்தத் தலைமையாசிரியரை உட்கார விடாமல், அவர் பள்ளியின் கால்பந்துக் குழுவை விசாரித்தாள். அவரும் நின்றபடியே பதில் சொன்னார், கோல்கீப்பரின் முழங்கால் உட்பட. அறுபத்தேழு. அவரை விட்டாள். பின்வரிசையில் ஒருவர், "இந்தம்மாவா சுருக்கமாப் பேசணும்னு சர்க்குலர் விட்டது?" என்றது ஒலிபெருக்கியைத் தாண்டிக் கேட்டது.

நூற்று நாற்பத்தெட்டாவது பள்ளியில் கோப்பு முழுதாக வந்து விழுந்தது. மணி பதினொன்று நாற்பத்தாறு. அதைக் கட்டி அக்ராவுக்கு அனுப்புகிற வேலை தானாகத் துவங்கியது. ஜிஃபாவுக்குக் குரல் கம்மிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. டாக்டர் குவான்ஸாவின் கார் டிரைவர் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார்.

நூற்று அறுபத்து மூன்று. பதினொன்று ஐம்பத்தொன்று. கைபேசி அதிர்ந்தது. 'ஆட்ஸிகோ, 38, பெற்றுக்கொண்டோம்.'

"மீதிப் பேருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மீதி நாற்பத்தொன்பது பேரில் அங்கே வந்திருந்தவர்கள் அவளோடு ஒரு வருஷம் பேசவில்லை. டைரக்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மேடம், இத்தனை நாள் இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க? அடுத்த விழாவுலேர்ந்து நீங்கதான் முக்கியப் பேச்சாளர்."

அவள் கோர்க்குவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் தன் மால்ட் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். போனில் அக்போலி மாஸ்டர், "மேடம், நான் எறங்கலாமா? கால் மரத்துப் போச்சு" என்றார்.

"எறங்குங்க மாஸ்டர். அடுத்த வருஷம் எட்டுன்னா எட்டு."

"புரியுது மேடம். அப்போ ஒம்போதுக்கே வந்துடறேன்."

டாக்டர் குவான்ஸா சிவப்பு சுவிட்சை அழுத்தினார். சர்வர் அறையில் விசிறிகள் இறங்கின, விளக்குகள் அணைந்தன. மண்டலமே எழுந்து நின்று கைதட்டியது. வாத்தியக் குழு பாதியில் விட்ட பாட்டை முடித்தது. போட்டோக்காரர் சொன்ன இடத்தில் நின்று, ரிப்பன் கட்டிய கத்தரிக்கோலால், வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தப் புது டிஸ்க்கின் அட்டைப்பெட்டியை விருந்தாளி வெட்டித் திறந்தார்.

அதில் நூற்றைம்பது தொப்பிகள் இருந்தன.